சட்டைப்பையில் கிடைத்தது

குளியலறைக்குள்ளிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன.

“முன்னூத்தி நாப்பது... முன்னூத்தி நாப்பத்தொண்ணு... முன்னூத்தி நாப்பத்திரெண்டு...”

கதவுக்கு வெளியே முக்காலி போட்டு அமர்ந்திருந்தார் கடைக்காரம்மா. ஒவ்வோர் எண்ணுக்கும் அவருடைய விரல் தொடையில் ஒருமுறை தட்டியது. எண் சற்றுத் தாமதித்தால் விரல் அந்தரத்தில் நின்றது. அடுத்த எண் வந்த பிறகே கீழே இறங்கியது. அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தாம் இருந்தன. பதினொரு வாரங்களுக்கு முன், இளைய மகன் உயிரை விட முயன்று பிழைத்துக்கொண்ட மறுநாள், வீட்டிலிருந்த அத்தனை தாழ்ப்பாள்களையும் மூத்த மகன் திருப்புளியால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்கடுத்து வந்த சட்டம். இளையவன் மனம் கோணக் கூடாதென்று சட்டம் எல்லாருக்கும் பொதுவாக்கப்பட்டது. மூத்தவன் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே குளித்தான். கடைக்காரம்மா தமக்குத் தெரிந்தவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டே குளித்தார். இளையவன், முந்தின நாள் கடைக்கு வந்த துணிகளின் அட்டை எண்களைச் சொன்னான். மூத்த மருமகள் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்ல முடியாதிருந்தது.

“அங்க என்ன உருட்டிக்கிட்டிருக்க? எண்ணு காதுல விழமாட்டேங்குது” என்று மாமியார் சமையலறைப் பக்கம் திரும்பிக் கடிந்தார்.

“பாத்திரத்தைப் பெட்டியில வைக்கிறேன், அத்தை.”

“ஞாயித்துக்கிழமைதானே கிளம்புற? அதுக்குள்ள என்ன அவசரம்? போறவளுக்குப் போற வரைக்கும் பொறுமை வேண்டாமா?”

மருமகள் கையிலிருந்த தட்டைச் செய்தித்தாளில் சுற்றி, சத்தமின்றிப் பெட்டிக்குள் இறக்கினாள். பதினெட்டு ஆண்டுகள் அவள் வாழ்ந்த வீடு அது. கீழே சலவைக் கடை, நடுவில் வீடு, மேலே மொட்டைமாடியில் இளையவனுடைய அறை. நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. ஞாயிறு முதல் அவளும் கணவனும் அங்கே. கிளைக் கடைக்கு ஆள் வேண்டும் என்றுதான் இளையவனிடம் சொல்லியிருந்தார்கள். உண்மைக் காரணம் அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அது ஒரு தண்டனை. அன்று அவள் சொன்ன சொல்தான் அவனை அந்த நிலைக்குத் தள்ளியது என்று வீடு தீர்ப்பு எழுதியிருந்தது.

*

சலவைக் கடையில் அவளுடைய வேலை பை பார்ப்பது. துணி இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு சட்டைப்பையையும், கோட்டின் உள்பையையும், கால்சட்டையின் நான்கு பைகளையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். மறந்த சாவி, பல்குத்தி, பேருந்துச் சீட்டு, ஒருமுறை ஒரு பெரியவரின் பல் செட்டு... எது கிடைத்தாலும் உறையில் போட்டு, துணியின் எண்ணை மேலே எழுதி, உடையவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடிதமோ சீட்டோ கிடைத்தால் பிரித்துப் பார்க்கக் கூடாது. அது கடைக்காரம்மா கடை தொடங்கிய நாளில் விதித்த விதி.

“நம்மகிட்ட ஊரே அழுக்கைக் கொண்டுவந்து கொட்டுது. அதைத் துவைச்சுத் தரத்தான் நமக்கு உரிமை, படிச்சுப் பாக்க இல்ல” என்று அவள் மருமகளாய் வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிக் கொடுத்தார். பதினெட்டு ஆண்டுகளில் அவள் ஒரு சீட்டையும் பிரித்ததில்லை.

பதினொரு வாரங்களுக்கு முந்தைய அந்த நாளில், இளையவன் ஒரு வாடிக்கையாளரின் கோட்டை ஆவி இஸ்திரியில் தீய்த்துவிட்டான். “கவனத்தை எங்க வச்சுட்டு வேலை பாக்குற, தம்பி? பன்னெண்டு வருஷம் கை பழகினவன் செய்யுற காரியமா இது?” என்று அவள் கேட்டது கடை முழுவதும் கேட்டது. அவன் சிரித்தான். மாடிக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, அழுக்குச் சட்டையைக் கீழே கூடையில் போட்டுவிட்டு மீண்டும் மேலே போனான்.

பிற்பகலில் வீட்டுத் துணிகளைப் பார்க்கும்போது அந்தச் சட்டையின் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. வழக்கப்படி உறையில் போட்டு எண் எழுதினாள். வழக்கப்படி அதை, வீட்டாருடையவற்றை வைக்கும் படிக்கட்டுத் தட்டில் வைத்திருக்க வேண்டும். வைக்கப் போன கை நின்றது. சலவைக்காரன் தன் பையை மறப்பதுண்டா? இத்தனை ஆண்டுகளில் அவனுடைய பையில் ஒரு நூலிழைகூட அவளுக்குக் கிடைத்ததில்லை. உறையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஏழாம் படியில் அவனைக் கூப்பிட்டாள். ஒன்பதாம் படியில் மீண்டும் கூப்பிட்டாள். பிறகு ஓடினாள்.

இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அங்கே, நடைகூடத்தின் நீள இருக்கையில் அமர்ந்துதான், அவள் வாழ்நாளில் முதல்முறையாக விதியை மீறினாள். உறையைப் பிரித்துப் படித்தாள். நாலே வரிகள்தாம். அதில் ஒரு வரி, முந்தின வாரம் தாய் மகனிடம் கோபத்தில் வீசிய ஒரு சொல்லை அப்படியே எடுத்து எழுதியிருந்தது. அவள் தாளை மடித்து உள்ளே வைப்பதற்கும் கடைக்காரம்மா தள்ளாடிக்கொண்டு வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது.

“நீதானே மாடிக்குப் போன... நீ எதுக்குப் போன? என்ன சொன்ன என் புள்ளைகிட்ட? காலையிலயும் கத்தினியே... சொல்லுடி, என்ன சொன்ன?”

மருமகள் அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரே மாலையில் பத்து வயது கூடியிருந்த முகம். மடியிலிருந்த உறையைக் கையால் மூடிக்கொண்டாள்.

“கோட்டு விஷயமா... கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன், அத்தை” என்றாள்.

ஒரு மரத்தில் குருவி ஒன்று கூட்டிலிருந்து தவறி விழுந்ததாம். காட்டுப் பறவைகள் எல்லாம் கூடின. எந்தக் கிளை ஆடியது என்று ஒரு பறவை கேட்டது. எந்தக் காற்று வீசியது என்று மற்றொன்று கேட்டது. அந்தி வரை வழக்கு நடந்தது. கடைசியில் ஒரு கிளை, “ஆடியது நான்தான்” என்று ஒப்புக்கொண்டது. அதை வெட்டிவிட்டுப் பறவைகள் நிம்மதியாகக் கூடு நோக்கிக் கிளம்பின. கீழே கிடந்த குருவிக்கு ஒருவாய் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எந்தப் பறவைக்கும் தோன்றவில்லை. வெட்டுப்பட்ட கிளையில்தான் மற்ற கூடுகளும் இருந்தன என்பதும் யாருக்கும் நினைவில்லை.

*

எட்டு மணிக்கு நாத்தனார் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். தம்பியைக் காவல் காக்க நாள்தோறும் வருகிறாள்.

“வந்துட்டேன்மா. நீ எழுந்திரு, நான் உக்காந்துக்கிறேன்” என்றவள், சமையலறை வாசலில் பெட்டிகளைக் கண்டு நின்றாள். “பரவாயில்லையே அண்ணி, பாதி வீடு காலி. போற எடத்துலயாவது வாயை அளந்து பேசுங்க.”

“டீ குடிக்கிறீங்களா?” என்றாள் மருமகள்.

“போட்டுட்டீங்கன்னா குடிக்கிறேன். கோபத்தை டீயில காட்டக் கூடாதில்ல.”

தேநீரைக் கொடுத்துவிட்டு மருமகள் கீழே கடைக்கு இறங்கினாள். கணவன் துணி மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நல்லவன், தாய்க்கு முன்னால் வாய் திறக்காதவன்.

“இத்தனை நாள் கேக்கல... நாளைக்கு மறுநாள் வீட்டை விட்டே போறோம். எனக்கு மட்டுமாவது சொல்லு. அன்னைக்கு அவன்கிட்ட அப்படி என்னதான் சொன்ன?”

“விடுங்க.”

“விட்டுட்டுத்தான் போறோமே. எதுக்காகப் போறோம்னு தெரிஞ்சிட்டுப் போகக் கூடாதா?”

அவள் ஒரு கால்சட்டையின் பையை வெளியே இழுத்தாள். உள்ளே ஒரு பொத்தான் இருந்தது. உறையில் போட்டு எண்ணை எழுதியபோது பேனா நடுங்கியது. பதினொரு வாரங்களாக அது நடுங்குகிறது. எழுத்து கோணலாக வருவதை இதுவரை யாரும் கவனித்துக் கேட்டதில்லை.

அப்போதுதான் மேலே மாமியாரின் அலறல் எழுந்தது.

“எண்ணு நின்னு போச்சு! ஐயோ, எண்ணு நின்னு போச்சு!”

பொத்தான் தரையில் உருண்டது. அவள் எப்படிப் படி ஏறினாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை; கணவனும் பின்னாலேயே ஓடி வந்தான். நாத்தனாரின் தேநீர்க் கோப்பை கூடத்தில் கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரம்மா குளியலறைக் கதவின் முன்னால் நின்றுகொண்டு, தாழ்ப்பாளற்ற அந்தக் கதவைத் தள்ளத் துணிவின்றி, இரு கைகளாலும் அதை அறைந்துகொண்டிருந்தார். மருமகள் அவரை விலக்கிவிட்டுத் தோளால் கதவை இடித்தாள். பூட்டாத கதவு படீரென்று திறந்து சுவரில் மோதியது.

உள்ளே, வாய் நிறைய நுரையுடன், பல் துலக்கிக்கொண்டு நின்றான் இளையவன்.

நான்கு பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நான்கு பேரையும் பார்த்தான். நுரையைத் துப்பினான்.

“பல்லைத் தேய்ச்சுக்கிட்டே நானூத்தி அம்பத்தஞ்சுன்னு சொல்லிப் பாருங்க” என்றான். “யாராவது ஒருத்தர் சொல்லிக் காட்டுங்க, நான் தினமும் சொல்றேன்.”

மூத்தவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் அது விக்கலாக வெளிப்பட்டது. அந்தச் சிரிப்பைத் தாயால் பொறுக்க முடியவில்லை.

“சிரிப்பா வருது உனக்கு? என் உசுரு போய் உசுரு வந்துச்சு. எல்லாம் இவளால. இவ மட்டும் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா...”

“அம்மா” என்று நாத்தனார் கையைப் பிடித்தாள்.

“என்ன அம்மா? ஞாயித்துக்கிழமை இவ போனாத்தான் இந்த வீட்டுக் கதவுல தாழ்ப்பா ஏறும்.”

இளையவன் துண்டால் வாயைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

“அண்ணி கிளைக் கடைக்காகத்தானே போறாங்க?”

மூத்தவன் தாயைப் பார்த்தான்.

“அக்கா, நீ சொல்லு. உனக்குத்தான் பொய் சொல்ல வராது.”

நாத்தனார் தரையில் சிந்திய தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு அவங்க மாடிக்கு வந்து உன்னை ஏதோ சொல்லிட்டாங்கன்னு... அதனாலதான் நீ... அவங்களே ஒத்துக்கிட்டாங்கடா.”

“என்னை என்ன சொன்னாங்க? அண்ணி மாடிக்கு வந்தப்ப எனக்குப் பாதி நினைவுதான் இருந்துச்சு. என் பேரைத்தான் கூப்பிட்டாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.” அவன் மூத்த மருமகளின் பக்கம் திரும்பினான். “கையில ஒரு கவர் வச்சிருந்தீங்க, அண்ணி.”

“இல்லையே தம்பி.”

“வச்சிருந்தீங்க. அது எங்க?”

“எதுக்கு இப்ப அதெல்லாம்...”

“என் பையில கிடைச்சது. உடையவன்கிட்டத் திருப்பிக் கொடுக்கணும்ல. கடைச் சட்டம்தானே?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய், கட்டி வைத்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, போர்வையின் அடியிலிருந்து உறையை எடுத்து வந்தாள். அவளுடைய கையெழுத்து அதன்மேல் நேராக இருந்தது. அவள் நேராக எழுதிய கடைசி எண் அதுதான்.

“நான் இதைப் படிச்சுட்டேன், தம்பி. ஆஸ்பத்திரியில வச்சு. என்னை மன்னிச்சுடு. பதினெட்டு வருஷத்துல இது ஒண்ணுதான்.”

அவன் உறையை வாங்கிக்கொண்டான், திறக்கவில்லை. “அதனாலதான் உங்க தலையில போட்டுக்கிட்டீங்களா?”

“எதை?” என்றார் கடைக்காரம்மா. குரல் மெலிந்திருந்தது. “என்னது அதுல? கொடு இங்க.”

கை நீண்டது. இளையவன் உறையை நீட்டவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. நீண்ட கை பாதியில் நின்றது. எண் தாமதிக்கும்போது நிற்கும் விரலைப் போல அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

“வேண்டாம்” என்றார் அவர். “எனக்குத் தெரியும்.”

முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“முந்தின வாரம் நான்தான் சொன்னேன்... நீ எனக்குப் பாரம்னு. சோத்துத் தட்டு முன்னாடி உக்கார வச்சுச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசப்படி ஏறும்போதே அந்த வார்த்தைதான் காதுல கேட்டுது. உள்ள வந்து இவ முகத்தைப் பாத்தேன். இவ ‘நான்தான்’னு சொன்னா. சொன்ன உடனே... எனக்கு மூச்சு வந்துச்சு. அப்பவே தெரியும், இவ பொய் சொல்றான்னு. தெரிஞ்சும் பிடிச்சுக்கிட்டேன்.” அவர் மருமகளை ஏறிட்டார். “உன்னைத் தினமும் பாக்க முடியல எனக்கு. அதனாலதான் அனுப்பப் பாத்தேன். உன்னால இல்ல... என்னால.”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நினைச்சேன், அத்தை.”

“தாங்கலதான். யாரு தாங்கினா?”

இளையவன் தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

“அம்மா, அண்ணி, ரெண்டு பேரும் கேளுங்க. வாரா வாரம் டாக்டரம்மா என்கிட்ட ஏன், எதுக்குன்னு கேக்குறாங்க. எனக்கே ஒத்தைக் காரணம் கிடைக்கல. கம்பளிப் போர்வை தண்ணியில ஊறுதில்ல, எந்தச் சொட்டுல கனம் ஏறுச்சுன்னு கேட்டா யாரு சொல்ல முடியும்? ஆறு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. யார்கிட்டயும் சொல்லல. நீ சொன்னது ஒரு சொட்டு. கோட்டைத் தீய்ச்சது ஒரு சொட்டு. அது ஒரு நோய்ங்கிறாங்க. மருந்து சாப்பிடுறேன். இப்பக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிழிஞ்சுக்கிட்டிருக்காங்க.”

“பிழியும்போது வலிக்குதாடா?” என்று கேட்டார் தாய்.

“வலிக்குதும்மா. நீ வெளிய உக்காந்து எண்ணும்போது இன்னும் வலிக்குது.”

கடைக்காரம்மா மகனுடைய தலையைத் தம் மடியில் இழுத்துக்கொண்டார். அழுகை அவருக்கு எப்போதும் சத்தமாகத்தான் வரும். அன்று சத்தமே இல்லை. நாத்தனார்தான் அவருக்கும் சேர்த்து அழுதாள். மூத்தவன் பேசாமல் சமையலறை வாசலுக்குப் போய், பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளைப் பிரிக்கத் தொடங்கினான்.

*

தாழ்ப்பாள்கள் உடனே திரும்பவில்லை. இன்னும் சில மாதங்கள் போகட்டும் என்று டாக்டரம்மா சொன்னார்; இளையவனும் ஒப்புக்கொண்டான். எண்ணுவது மட்டும் நின்றது. அதற்குப் பதிலாக அவனே ஒரு வழி சொன்னான்.

கடையில் சிவப்பு அட்டை என்று ஒன்று உண்டு. தையல் நைந்த துணி, சாயம் போகிற துணி, இயந்திரம் தாங்காத துணி எதுவானாலும் அதன்மேல் சிவப்பு அட்டையைக் குத்தி வைப்பார்கள். அதைக் கையால்தான் துவைக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, முறுக்கக் கூடாது.

“மனசு சரியில்லாத அன்னைக்கு நான் சட்டையில சிவப்பு அட்டை குத்திக்கிறேன். அன்னைக்கு யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்தாப் போதும். டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. ஏன்னு கேக்காதீங்க. குத்திக்காத அன்னைக்கு என்னை நிம்மதியாப் பல்லு தேய்க்க விடுங்க.”

முதல் வாரத்தில் இரண்டு நாள் குத்திக்கொண்டான். ஒருநாள் அண்ணன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னான். இன்னொரு நாள் நாத்தனார் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிப்போனாள். அவள்மேல் போர்வையைப் போர்த்திவிட்டது இளையவன்தான். வீடு இன்னும் அமைதியடைந்துவிடவில்லை. ஒரு கதவு சாத்தப்பட்டால் நான்கு தலைகள் நிமிரத்தான் செய்தன. ஆனால் நிமிர்ந்த தலைகள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, மறுபடி குனிந்தன.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூத்த மருமகள் கீழே பை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை அவள் கைக்கு வந்தது. யாரோ முன்பின் தெரியாதவருடைய வெளிர்நீலச் சட்டை. பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. மளிகைச் சீட்டாக இருக்கலாம், முகவரியாக இருக்கலாம். அதை உறைக்குள் போட அவளால் முடியவில்லை. படிக்கட்டைப் பார்த்தாள். ஏழாம் படி, ஒன்பதாம் படி.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, தன் தோளில் ஊசியால் குத்திக்கொண்டாள். குத்திய பிறகு வெட்கமாக இருந்தது. கழற்றிவிடலாம் என்று கை போனது.

“இருக்கட்டும்” என்றார் கடைக்காரம்மா.

அவர் எப்போது படி இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. குளியலறை வாசலில் கிடந்த முக்காலியைக் கையோடு தூக்கி வந்திருந்தார். அதை மருமகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நீலச் சட்டையை வாங்கி, தாளை எடுத்து, பிரிக்காமல் உறையில் போட்டார். “நம்பர் என்ன?” என்றார். அவள் சொன்னாள். மாமியார் எழுதினார். அடுத்த துணியை எடுத்தார். பையை வெளியே இழுத்தார். இப்படியே ஏழெட்டுத் துணிகள் போயின. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கூடை பாதி காலியான போது, கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு மாடி ஏறிப் பாத்தது நீ ஒருத்திதான். அந்த அறையில நீ என்ன பாத்தேன்னு இத்தனை நாளா ஒருத்தர்கூட உன்கிட்ட கேக்கல. நான் கேக்கல. இப்பவும் கேக்க மாட்டேன். ஆனா, சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. நான் கேட்டுக்கிறேன்.”

மருமகள் வாய் திறந்தாள். தொண்டையைச் செருமினாள், குளியலறையில் பதினொரு வாரம் செருமிய அதே செருமல். பிறகு அது உடைந்தது. அவள் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவசரப்படுத்தாமல், ஒவ்வோர் எண்ணாக எண்ணுகிறவரைப் போல.

மேலே, இளையவன் பல் துலக்கும் ஓசை கேட்டது. நடுவில் அது நின்றது. இரண்டு பெண்களும் ஒருசேரத் தலை நிமிர்ந்தார்கள்.

“அண்ணி” என்று மேலிருந்து குரல் வந்தது, நுரை நிறைந்த வாயோடு. “பேஸ்ட் தீந்துபோச்சு. புதுசு எங்க இருக்கு?”

“மேல் அலமாரியிலடா” என்று பதில் சொன்னவர் கடைக்காரம்மா. மருமகளின் தோளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். “உங்க அண்ணிக்கு இப்ப வேலை இருக்கு.”